ஜிம் வாசலில் ஒரு சுவர்: அமெரிக்கப் பள்ளிகளின் ‘ஹால் ஆஃப் ஃபேம்’ எப்படி இயங்குகிறது?

ஓஹையோவில் இருக்கும் என் பெரியம்மா மகன் போன மாதம் தொலைபேசியில் பேசினார். அவருடைய பையன் ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்த கையோடு கூடைப்பந்து அணிக்கும் தேர்வாகிவிட்டான். ‘அந்தப் பள்ளியில் ஹால் ஆஃப் ஃபேம் இருக்கிறது, இன்னும் நான்கு வருடம் ஒழுங்காக ஆடினால் இவன் படத்தையும் மாட்டிவிடுவார்கள்’ என்றார் அண்ணன். குரலில் அவ்வளவு பெருமை. அதைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அவர் சொன்னதில், அங்கே ஒரு ஹால் ஆஃப் ஃபேம் இருக்கிறது என்பதைத் தவிர மற்றதெல்லாம் தவறு.

அண்ணனைக் குறை சொல்லிப் பயனில்லை. 2025-ல் தோனி சர்வதேச கிரிக்கெட் கவுன்சிலின் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்க்கப்பட்டபோது, அவருக்கு ‘விருது’ கிடைத்ததாகவே நம்மில் பலரும் பேசிக்கொண்டோம். சிலர் எங்கோ ஒரு பளிங்குக் கட்டடத்தைக் கற்பனை செய்கிறார்கள். சிலர் அதிக ரன் எடுத்தவர்களின் பட்டியல் என்று நினைக்கிறார்கள். உண்மையில் அது, சிறந்தவர்களைத் தேர்ந்து நிரந்தரமாகப் பெயர் பொறித்துக் கௌரவிக்கும் ஒரு நடைமுறை: யார் பெயரைச் சொல்லலாம், எப்போது சொல்லலாம், எத்தனை பேர் தலையாட்ட வேண்டும் என்று எழுதி வைத்துக்கொண்டு அதன்படி நடப்பது. அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகள் தங்கள் முன்னாள் மாணவர்களுக்காக இதை எப்படிச் செய்கின்றன என்று பார்ப்போம். பெரிய மண்டபங்களைவிட இந்தச் சின்னச் சுவர்களில்தான் அதன் எலும்புக்கூடு தெளிவாகத் தெரிகிறது.

## டியூப்லைட், தேக்குப் பலகை, தெருப் பெயர்

ஒருவருடைய பெயர் சுவரில் ஏறுவதற்கு நம் ஊரில் மூன்று வழிகள் உண்டு.

முதலாவது, கோயில் டியூப்லைட். வெளிச்சத்தில் பாதியை மறைத்துக்கொண்டு ‘உபயம்’ என்று சிவப்பு எழுத்தில் ஒரு பெயர் இருக்குமே, அதுதான். விளக்கு வாங்கிக் கொடுத்தால் பெயர் வரும். வேறு கேள்வி இல்லை.

இரண்டாவது, பழைய பள்ளிகளில் தலைமையாசிரியர் அறைக்கு வெளியே தொங்கும் தேக்குப் பலகை. ஆண்டுவாரியாக, பொதுத்தேர்வில் பள்ளியில் முதலிடம் பெற்றவரின் பெயரும் மதிப்பெண்ணும். இங்கே பணம் பேசாது, மதிப்பெண் பேசும். யாரும் யோசித்து முடிவெடுக்கத் தேவையில்லை. 487 வாங்கியவர் இருக்கும்போது 486 வாங்கியவர் பலகைக்கு வர முடியாது.

மூன்றாவது வழி சிக்கலானது. புதிதாகப் போட்ட தெருவுக்கோ படிப்பகத்துக்கோ யார் பெயரை வைப்பது? ஊரில் நாலு பேர் உட்கார்ந்து பேசுவார்கள். ஒருவர் ஒரு பெயரைச் சொல்வார், இன்னொருவர் முகத்தைச் சுளிப்பார். ‘அவர் நல்லவர்தான், ஆனால்…’ என்று ஒரு குரல் எழும். இங்கே எண் இல்லை, தீர்ப்புதான்.

ஹால் ஆஃப் ஃபேம் இந்த மூன்றாவது வகை. ஒரே வித்தியாசம், திண்ணையில் நடக்கும் அந்த வாக்குவாதத்தை விதிகளாக எழுதி, கடைசியில் ஓட்டுப் போட்டு முடிக்கிறார்கள்.

## பெயர் எங்கிருந்து வந்தது?

பெரிய மனிதர்களின் சிலைகளை ஒரே கூரையின்கீழ் வைக்கும் பழக்கத்தைப் பத்தொன்பதாம் நூற்றாண்டு ஜெர்மனியில் பார்க்கலாம். பவேரியாவின் அரசர் முதலாம் லுட்விக், டான்யூப் நதிக்கரையில் கட்டிய வால்ஹல்லாவை 1842-ல் திறந்தார். அதில் யார் சிலை இருக்க வேண்டும் என்பது அரசரின் விருப்பம்.

அமெரிக்கர்கள் அதில் வாக்கெடுப்பைக் கொண்டுவந்தார்கள். நியூயார்க் பல்கலைக்கழகத்தின் பிராங்ஸ் வளாகத்தில், சிறந்த அமெரிக்கர்களுக்கான ஹால் ஆஃப் ஃபேம் 1901-ல் திறக்கப்பட்டது. அதற்கு முந்தைய ஆண்டு ஒரு தேர்வாளர் குழு வாக்களித்து 29 பேரைத் தேர்ந்தெடுத்திருந்தது. உயிரோடு இருப்பவர்களுக்கு அங்கே இடம் கிடையாது. இறந்தும் சில ஆண்டுகள் ஆகியிருக்க வேண்டும்.

இந்த யோசனையை விளையாட்டில் பிரபலமாக்கியது பேஸ்பால். நியூயார்க் மாநிலத்தின் கூப்பர்ஸ்டவுன் என்ற சிற்றூரில் 1939-ல் திறக்கப்பட்ட பேஸ்பால் ஹால் ஆஃப் ஃபேமுக்கு 1936-லேயே முதல் தேர்தல் நடந்துவிட்டது. கூடைப்பந்துக்கு மாசசூசெட்ஸின் ஸ்பிரிங்ஃபீல்டு, அமெரிக்கக் கால்பந்துக்கு ஓஹையோவின் கேன்டன் என்று ஒவ்வோர் ஆட்டத்துக்கும் ஓர் ஊர் அமைந்தது. மாநிலங்கள் தொடங்கின, பல்கலைக்கழகங்கள் தொடங்கின, பிறகு உயர்நிலைப் பள்ளிகள். மாநில உயர்நிலைப் பள்ளிச் சங்கங்களின் தேசியக் கூட்டமைப்பு, நாடு முழுவதற்குமான பள்ளி அளவிலான ஹால் ஆஃப் ஃபேமை 1982-ல் தொடங்கியது. ஆனால் நாம் பேசப்போவது அதைப் பற்றி அல்ல. ஒவ்வொரு பள்ளியும் தனக்கென்று வைத்துக்கொள்ளும் சுவரைப் பற்றி. இதற்கு அரசுச் சட்டம் எதுவும் இல்லை. ஒவ்வொரு பள்ளியும் தன் விதியைத் தானே எழுதிக்கொள்கிறது.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: ஹால் என்பது பெரும்பாலும் பெயரளவில்தான், கட்டடம் இருக்க வேண்டியதில்லை. பணமோ மதிப்பெண்ணோ தானாகப் பெயரை ஏற்றாது. ஒரு குழு வாக்களித்துத்தான் பெயர் ஏறும்.

## ஒரு பள்ளி அணிக்கு ஏன் இவ்வளவு மரியாதை?

அமெரிக்காவில் உயர்நிலைப் பள்ளி என்பது ஒன்பது முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை. சிற்றூர்களில் பெரும்பாலும் ஊருக்கு ஒரே பள்ளிதான். ஆகவே பள்ளி அணிதான் ஊர் அணி. வெள்ளிக்கிழமை இரவு அமெரிக்கக் கால்பந்து ஆட்டத்துக்குப் பிள்ளைகள் படிக்காத வீட்டுக்காரர்களும் டிக்கெட் எடுத்து வந்து உட்காருவார்கள். நம் பக்கத்தில் ஊர்க் கபடிக் குழுவுக்கு இருக்கும் பாசத்தைப் பள்ளிக்கூடத்தோடு சேர்த்துக் கட்டிவிட்டதாக நினைத்துக்கொள்ளுங்கள். இப்போது ஒரு கல்வியாண்டில் பள்ளி விளையாட்டுகளில் பங்கேற்போர் எண்ணிக்கை 80 லட்சத்துக்கும் மேல்.

இரண்டு சொற்களை இங்கேயே தெரிந்துகொள்வது நல்லது. ‘வார்சிட்டி’ என்பது பள்ளியின் முதன்மை அணி. அதற்குக் கீழே பழகுநர்களுக்கு ஜூனியர் வார்சிட்டி. ‘லெட்டர்’ என்பது, வார்சிட்டி அணியில் ஒரு பருவம் முழுதும் போதிய அளவு ஆடியவருக்குப் பள்ளி தரும் துணி எழுத்து. பள்ளிப் பெயரின் முதலெழுத்தைக் கம்பளித் துணியில் வெட்டித் தருவார்கள், மேல்சட்டையில் தைத்துக்கொள்ளலாம். ஹார்வர்டு பேஸ்பால் அணி 1865-ல் சட்டையில் எழுத்தைப் பொறித்துக்கொண்டதில் பிறந்த வழக்கம் இது. ‘மூன்று ஆட்டங்களில் எட்டு லெட்டர்’ என்று ஒருவரைப் பற்றிச் சொன்னால், ஊர்க்காரர்களுக்கு அவருடைய நான்கு வருடமும் கண்முன் வந்துவிடும்.

மைக்கேல் ஜோர்டானைப் பள்ளி அணியிலிருந்தே துரத்திவிட்டார்கள் என்று ஒரு கதை உலகம் முழுக்கச் சுற்றுகிறது. யாரும் துரத்தவில்லை. வட கரோலினாவின் வில்மிங்டனில் லேனி பள்ளியில் பத்தாம் வகுப்புப் படித்தபோது அவரை வார்சிட்டியில் எடுக்காமல் ஜூனியர் வார்சிட்டியில் போட்டார்கள், அவ்வளவுதான். இந்த ஒரு சொல் தெரியாததால் எத்தனை ஊக்கப் பேச்சுகள்!

## சுவரின் அருகில் போய்ப் பார்த்தால்

சில வருடங்களுக்கு முன் அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தபோது பக்கத்து ஊர்ப் பள்ளி ஒன்றில் இரவு ஆட்டம் பார்க்கப் போனோம். டிக்கெட் கொடுக்கும் மேசையைத் தாண்டியதும் ஒரு நீளமான கூடம். ஒரு பக்கம் சோளப்பொரி விற்கும் ஜன்னல், அதற்கு எதிரே அந்தச் சுவர். கைக்குட்டை அளவில் வெண்கல நிறத் தகடுகள், வரிசைக்கு ஆறாக. ஒவ்வொன்றிலும் பள்ளிக் காலப் படம், பெயர், படிப்பை முடித்த ஆண்டு, ஆடிய ஆட்டங்கள், கீழே நாலு வரி. மேல் வரிசையில் தோல் தலைக்கவசத்தோடு முறைக்கும் பையன்கள். நடு வரிசையில் நீள முடியும் தடித்த மீசையும். கீழே வரவர நிறப் படங்கள், பெண்கள்.

ஒரு தகட்டில் படமே இல்லை, பள்ளியின் சின்னம் மட்டும். அந்த மனிதரின் படம் எங்கும் கிடைக்கவில்லை போலிருக்கிறது. கடைசி வரிசைக்குக் கீழே வெறும் பலகை, திருகாணித் துளைகள் முன்கூட்டியே போட்டு வைக்கப்பட்டிருந்தன. சோளப்பொரி வாங்க வரிசையில் நின்ற ஒரு கிழவர் அந்தச் சுவரைப் பார்க்கவே இல்லை. அண்ணன் என் தோளைத் தட்டி, மூன்றாவது வரிசையில் இருப்பவர் அவர்தான் என்றார்.

## பெயர் ஏறும் வழி

கற்பனையாக இருவரை எடுத்துக்கொள்வோம். ஒருவர் ஓட்டக்காரர். கடைசி வருடம் மட்டும் இந்தப் பள்ளிக்கு மாறி வந்து, 100 மீட்டரில் மாநில சாம்பியன் ஆனவர். இன்னொருவர், நான்கு வருடமும் கைப்பந்து, கூடைப்பந்து, சாஃப்ட்பால் என்று மூன்று அணிகளிலும் ஆடிய பெண். மாநிலப் பட்டம் எதுவும் இல்லை. பிறகு அதே பள்ளிக்கு ஆசிரியராகத் திரும்பி இருபது வருடம் பயிற்சி கொடுத்தார்.

முதலில் காத்திருப்புக் காலம். படிப்பை முடித்து ஐந்து ஆண்டு, பத்து ஆண்டு என்று பள்ளிக்குப் பள்ளி வேறுபடும். சூடு ஆறட்டும் என்பதுதான் நோக்கம். சச்சின் 2013 நவம்பரில் ஓய்வு பெற்றும் 2019-ல்தான் கிரிக்கெட் ஹால் ஆஃப் ஃபேமுக்கு வந்தார். அவர் தகுதியில் யாருக்கும் சந்தேகம் இருந்ததால் அல்ல, ஐந்தாண்டு விதி இருந்ததால். பள்ளிகளில் இந்த இடைவெளி இன்னும் அவசியம். பதினெட்டு வயதில் ஊரே தூக்கிவைத்துக் கொண்டாடிய பையன் இருபத்தைந்து வயதில் எப்படி இருப்பான் என்று யாருக்கும் தெரியாது.

அடுத்தது முன்மொழிவு. யாராவது ஒருவர் படிவம் நிரப்பி அந்தப் பெயரைக் குழுவின்முன் வைக்க வேண்டும். இதைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள். குழு தானாக ஆள் தேடிக்கொண்டு போகாது. படிவத்தோடு ஆதாரமும் வேண்டும்: எத்தனை லெட்டர், என்ன சாதனை, பத்திரிகைத் துண்டு, பள்ளி ஆண்டுமலரின் பக்கம். நாற்பது வருடத்துக்கு முந்தைய ஆட்டம் என்றால் ஸ்கோர் புத்தகம் எந்தப் பரணில் இருக்கிறதோ! உள்ளூர்ப் பத்திரிகை மூடப்பட்டிருக்கலாம். சமமான தகுதியுள்ள இருவரில், நன்றாக எழுதத் தெரிந்த மகள் உள்ளவர் முதலில் சுவருக்கு வந்துவிடுவார். இந்த ஏற்பாட்டின் பெரிய ஓட்டை இதுதான் என்பது என் கருத்து.

பிறகு தேர்வுக் குழு. பள்ளியின் விளையாட்டுத் துறைத் தலைவர், ஓய்வு பெற்ற பயிற்சியாளர் ஒருவர், சில முன்னாள் மாணவர்கள், பூஸ்டர் கிளப் சார்பில் ஒருவர். பூஸ்டர் கிளப் என்பது பெற்றோரும் ஊர்க்காரர்களும் சேர்ந்து பள்ளி விளையாட்டுக்கு நிதி திரட்டும் சங்கம். சோளப்பொரி விற்பது அவர்கள்தான், தகடுக்கான காசும் பெரும்பாலும் அங்கிருந்துதான் வரும். தன் தம்பியின் பெயர் வந்தால் அந்த உறுப்பினர் எழுந்து வெளியே போய்விட வேண்டும் என்று கவனமாக எழுதிய விதிகள் சொல்லும்.

இப்போது நம் இருவரும் மேசைக்கு வந்துவிட்டார்கள். மாநிலப் பட்டம் வென்றவருக்கு முன்னுரிமை என்று விதி இருந்தால் ஓட்டக்காரர் எளிதில் உள்ளே போவார். குறைந்தது இரண்டு வருடம் இந்தப் பள்ளிக்கு ஆடியிருக்க வேண்டும் என்று ஒரு வரி இருந்தால் அவர் படிவம் மேசைக்கே வந்திருக்காது. அந்தப் பெண்ணுக்கோ, மாணவியாக அவர் ஆடியதை மட்டும் பார்ப்பதா, பயிற்சியாளராகச் செய்ததையும் சேர்ப்பதா என்பதுதான் கேள்வி. ஒரு பள்ளி எதை மதிக்கிறது என்பதை அறிய அதன் நோக்க உரையைப் படிப்பதைவிட இந்த விதித்தாளைப் படிக்கலாம்.

## ஓட்டுக் கணக்கு

குழுவில் ஒன்பது பேர் என்று வைத்துக்கொள்வோம். பாதிக்கு மேல் போதும் என்றால் ஐந்து ஓட்டு. மூன்றில் இரண்டு பங்கு என்றால் ஆறு. நான்கில் மூன்று பங்கு என்றால் ஏழு. ஐந்துக்கும் ஏழுக்கும் இடையே இரண்டே ஓட்டு. ஆனால் ஏழு வேண்டும் என்றால், மூன்று பேர் சேர்ந்து எந்தப் பெயரையும் தடுத்துவிட முடியும். தேர்தலில் ஜெயிக்க எதிராளியைவிட ஓர் ஓட்டு அதிகம் வாங்கினால் போதும். இங்கே எதிராளி கிடையாது, ஓர் உயரக்கோடு இருக்கிறது. எல்லோரும் தாண்டலாம், ஒருவரும் தாண்டாமலும் போகலாம்.

கூப்பர்ஸ்டவுனில் அந்தக் கோடு 75 சதவீதம். 1936-ல் 226 பேர் வாக்களித்தார்கள், 170 ஓட்டு வேண்டும். டை காப் 222 வாங்கினார், பேப் ரூத் 215. மொத்தம் ஐந்து பேர் தேறினார்கள். 511 ஆட்டங்களில் வென்ற பந்துவீச்சாளர் சை யங் அந்த வருடம் தேறவில்லை. அடுத்த வருடம்தான் உள்ளே போனார். 2013-ல், அங்கே வாக்களிக்கும் பேஸ்பால் பத்திரிகை எழுத்தாளர்களின் வாக்கெடுப்பில் ஒருவர்கூடத் தேறவில்லை. முதலிடத்தில் இருந்தவருக்கே 68.2 சதவீதம்தான். ஊக்கமருந்துச் சர்ச்சையில் சிக்கிய பெயர்களால் வாக்காளர்கள் பிளவுபட்டிருந்தது ஒரு காரணம், ஒருவர் பத்துப் பெயர்களுக்குமேல் குறிக்க முடியாது என்ற விதி இன்னொன்று. 2020-ல் டெரெக் ஜீட்டருக்கு 397-ல் 396. அந்த ஒருவர் யார் என்று அமெரிக்கா சில நாள் தலையைப் பிய்த்துக்கொண்டது.

பள்ளிகளில் இவ்வளவு ஆரவாரம் கிடையாது. ஆனால் ஒரு வருடத்தில் இத்தனை பேருக்குமேல் சேர்ப்பதில்லை என்ற வரம்பு பல இடங்களில் உண்டு. ஒரே வருடம் சேர்க்கப்படுபவர்களை ஒரு ‘கிளாஸ்’ என்பார்கள். வகுப்பறைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. 1950-ல் படித்தவரும் 2005-ல் படித்தவரும் ஒரே கிளாஸில் இருக்கலாம். நூறு வருடப் பள்ளி ஒன்று இன்றைக்குத் தொடங்கினால் நூறு வருடக் கூட்டம் வாசலில் நிற்கும். எல்லோரையும் முதல் வருடமே ஏற்றிவிட்டால் அடுத்த வருடம் யாருக்கும் சுவாரசியம் இருக்காது. மெதுவாக ஏற்றினால் வயதானவர்கள் தகட்டைப் பார்க்காமலே போய்விடுவார்கள். இதற்குச் சரியான விடை இல்லை. முதல் சில கிளாஸ்களைப் பெரிதாக வைத்துக்கொள்வது நடைமுறையில் செய்யும் சமாளிப்பு.

இந்தப் பகுதியின் சுருக்கம்: காத்திருப்பு, முன்மொழிவு, குழு, ஓட்டு விகிதம், வருட வரம்பு. இவற்றில் ஏதாவது ஒன்றை மாற்றினால் சுவரில் இருக்கும் முகங்களும் மாறும்.

## ஆடாதவர்களும் அணிகளும்

சென்னைக்காரரான விஜய் அமிர்தராஜ் 2024-ல் சர்வதேச டென்னிஸ் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்க்கப்பட்டார். லியாண்டர் பயஸும் அதே கிளாஸ். ஆனால் பயஸ் ஆட்டக்காரர் பிரிவில், அமிர்தராஜ் ‘பங்களிப்பாளர்’ பிரிவில். ஆட்டத்துக்கு வெளியே நின்று ஆட்டத்தை வளர்த்தவர்களுக்கான பிரிவு அது. பள்ளிச் சுவர்களிலும் இந்தப் பிரிவு உண்டு. முப்பது வருடம் சனிக்கிழமைதோறும் மைதானத்துக்குச் சுண்ணாம்புக் கோடு போட்டவர், ஒலிபெருக்கியில் பெயர் வாசித்தவர், ஆட்டம் முடிந்து அடிபட்ட கால்களுக்கு ஐஸ் வைத்துக் கட்டியவர். பார்க்கப் போனால் அந்தச் சுவர்களில் எனக்குப் பிடித்த தகடுகள் இவையே.

அணிப் பிரிவும் உண்டு. இந்தியானா மாநிலத்தின் மைலன் பள்ளியில் 161 மாணவர்கள்தான். அந்த அணி 1954-ல் மாநிலக் கூடைப்பந்துப் பட்டத்தை வென்றது, இறுதியாட்டத்தில் மன்சி சென்ட்ரல் பள்ளியை 32-30 என்று தோற்கடித்து. கடைசிக் கணத்தில் பந்தைக் கூடைக்குள் போட்டவர் பாபி பிளம்ப். அதற்குமுன் நான்கு நிமிடத்துக்கு மேல் அவர் பந்தை எங்கும் வீசாமல் கையில் வைத்துக்கொண்டே நின்றார். ஆனால் அவருக்கு மட்டும் தகடு அடித்துவிட்டால், ஒருபுறமாக ஒதுங்கி அவருக்கு இடம் விட்டுக்கொடுத்த மற்ற நால்வர் எங்கே போவார்கள்? அதற்குத்தான் முழு அணியையும் ஒரே தகட்டில் சேர்க்கும் வழி.

## சுவரில் இல்லாதவர்கள்

மேலே சொன்ன சுவரில் மேல் வரிசைகளில் பெண்களே இல்லை. அவர்கள் ஓடவில்லை என்பதால் அல்ல. 1971-72-ல் அமெரிக்கப் பள்ளி அணிகளில் ஆண்கள் ஏறக்குறைய 36.7 லட்சம், பெண்கள் 2.94 லட்சம். அரசு நிதி பெறும் கல்வி நிறுவனங்களில் பால் பாகுபாடு கூடாது என்று ‘டைட்டில் நைன்’ சட்டம் 1972-ல் வந்த பிறகுதான் பெரும்பாலான பள்ளிகள் பெண்களுக்கு முறையான அணிகளைத் தொடங்கின. அணி இல்லை என்றால் லெட்டர் இல்லை, லெட்டர் இல்லை என்றால் படிவத்தில் எழுத ஒன்றும் இல்லை. விதி நேர்மையாகவே இருந்தாலும், விதி கேட்கும் ஆதாரம் அவர்களிடம் இருக்க வழியில்லை. சில பள்ளிகள் இதற்காகப் பழைய காலத்தவருக்குத் தனிப் பிரிவு வைத்து, லெட்டர் கணக்கைத் தளர்த்துகின்றன. இதைச் சலுகை என்று முணுமுணுப்பவர்கள் உண்டு. ஓடுபாதையே போட்டுத் தராமல் ஓடிய நேரத்தைக் கேட்பது மட்டும் என்ன நியாயம்?

கறுப்பினப் பள்ளிகளின் கதை இன்னும் கசப்பானது. மைலன் வென்றதற்கு அடுத்த வருடம், அதே இந்தியானா பட்டத்தை இண்டியானாபோலிஸ் நகரின் கிறிஸ்பஸ் ஆட்டக்ஸ் பள்ளி வென்றது. நகரம் 1927-ல் கறுப்பின மாணவர்களுக்கென்று தனியாகத் திறந்த பள்ளி அது. அணியின் நட்சத்திரம், பின்னாளில் அமெரிக்கக் கூடைப்பந்தின் பெரும் பெயர்களில் ஒன்றான ஆஸ்கர் ராபர்ட்சன். பட்டம் வென்ற அணி தீயணைப்பு வண்டியில் ஏறி நகரின் நடுவில் இருக்கும் நினைவுத்தூண் வட்டத்துக்கு வந்து கொண்டாடுவது அங்கே வழக்கம். ஆட்டக்ஸ் பையன்களின் வண்டி அந்த வட்டத்தைச் சுற்றியது. இறங்கிக் கொண்டாட விடாமல் அப்படியே கறுப்பினத்தவர் வாழும் பகுதியின் பூங்காவுக்குக் கொண்டுபோனார்கள். ராபர்ட்சன் அதை மறக்கவே இல்லை. 2015-ல் அந்த அணியில் மிஞ்சியிருந்தவர்களை நகரத்தின் பெரிய ஊர்வலத்துக்குத் தலைமை தாங்க அழைத்தார்கள். இடையில் அறுபது வருடம்.

ஆட்டக்ஸ் பள்ளிக்காவது பெயர் நிலைத்தது. தென் மாநிலங்களில் இனப் பிரிவினை முடிவுக்கு வந்தபோது, பெரும்பாலும் மூடப்பட்டவை கறுப்பினப் பள்ளிகளே. மாணவர்கள் வெள்ளையர் பள்ளிக்கு மாற்றப்பட்டார்கள். கோப்பைகளும் படங்களும் ஸ்கோர் புத்தகங்களும் பல ஊர்களில் குப்பைக்குப் போயின. இல்லாத பள்ளியின் மாணவர் எந்தச் சுவருக்கு உரியவர்? அவர்களை ஏற்றுக்கொண்ட பள்ளி, மூடப்பட்ட பள்ளியின் வரலாற்றையும் தன்னுடையதாக ஏற்கும் என்று ஒரு வரி விதியில் இருந்தால் வழி திறக்கும். அந்த வரி இல்லாத சுவர்கள் இன்னும் இருக்கின்றன.

## ஏறிய பெயரை இறக்கலாமா?

கேன்டனின் அமெரிக்கக் கால்பந்து ஹால் ஆஃப் ஃபேமில் 1985-ல் சேர்க்கப்பட்ட வீரர் ஓ.ஜே. சிம்ப்சனின் சிலை, அவர்மீது கொலை வழக்கு நடந்து விடுதலையான பிறகும், வேறொரு கொள்ளை வழக்கில் சிறைக்குப் போன பிறகும் அங்கேயே இருக்கிறது. ஆட்டத்துக்குத்தான் மரியாதை, மனிதருக்கு அல்ல என்பது அங்கத்திய வாதம். பிராங்ஸில் இருக்கும் சிறந்த அமெரிக்கர்களின் ஹால் ஆஃப் ஃபேமிலோ 2017-ல் உள்நாட்டுப் போரின் தென்தரப்புத் தளபதிகள் இருவரின் மார்பளவுச் சிலைகளை அகற்றினார்கள்.

பள்ளிகளால் கேன்டனைப்போல் பேச முடியாது. அந்தச் சுவருக்கு எதிரே தினமும் பதினான்கு வயதுப் பிள்ளைகள் நடந்து போகிறார்கள். ஆகவே விவரமான பள்ளிகள் நீக்க விதியை முதல் நாளே எழுதிவிடுகின்றன: எந்தக் குற்றம், தண்டனை உறுதியான பிறகா முன்பா, முடிவெடுப்பது குழுவா பள்ளி நிர்வாகமா. பிரச்சினை வந்தபின் எழுதினால் அது விதியாக இருக்காது, ஒரு குறிப்பிட்ட மனிதர்மீதான தீர்ப்பாகிவிடும்.

## எதோடு எதைக் குழப்பக் கூடாது

சட்டை எண்ணுக்கு ஓய்வு தருவது வேறு. ஒருவர் அணிந்த எண்ணை இனி யாருக்கும் கொடுக்கமாட்டோம் என்பது அது. சாதனைப் பலகை வேறு. நீளம் தாண்டுதல் இத்தனை அடி என்று எழுதி, யாராவது முறியடித்தால் பழைய பெயரை எடுத்துவிடுவார்கள். நம் தேக்குப் பலகைக்குச் சொந்தக்காரன் அது.

‘சிறந்த முன்னாள் மாணவர்’ பட்டியலும் வேறு. விஞ்ஞானியோ நீதிபதியோ ஆனவருக்கு அங்கே இடம். குழப்பம் வருவது, விளையாட்டிலேயே பிற்பாடு பெரிய ஆளானவர்கள் விஷயத்தில். பாஸ்டன் செல்டிக்ஸ் கூடைப்பந்து அணிக்காகப் பதின்மூன்று பருவங்களில் பதினொரு பட்டம் வென்ற பில் ரஸல், ஓக்லாந்தின் மெக்லைமண்ட்ஸ் பள்ளியில் ஜூனியர் வார்சிட்டியில் ஒட்டிக்கொள்ளவே திணறியவர். பள்ளிக் காலத்தை மட்டும் பார்க்கும் விதி இருந்தால் அப்படிப்பட்டவருக்குச் சுவரில் இடமில்லை. பிற்காலத்தையும் சேர்க்கும் விதி இருந்தால் முதல் தகடே அவருக்குத்தான். இரண்டுமே நியாயமான விதிகள். எந்த விதி என்பதைப் பெயர்கள் மேசைக்கு வருமுன் முடிவு செய்துவிட வேண்டும்.

இதையெல்லாம் அண்ணனிடம் அன்றைக்குச் சொல்லவில்லை. அடுத்த வாரம் பேசும்போது கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னேன். பையன் முதலில் ஜூனியர் வார்சிட்டியிலிருந்து மேலே வர வேண்டும். படிப்பை முடித்து, பத்தாண்டு விதி என்றால், இருபத்தெட்டு வயதுவரை காத்திருக்க வேண்டும். பிறகு யாராவது படிவம் நிரப்ப வேண்டும், குழுவில் முக்கால்வாசிப் பேர் கை தூக்க வேண்டும். அண்ணன் சிறிது நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, அந்தப் படிவத்தைப் பெற்றவர்களே நிரப்பலாமா என்று கேட்டார். பல பள்ளிகளில் நிரப்பலாம் என்றேன். அன்று இரவே வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. புதிதாக வாங்கிய கோப்பு ஒன்று, அதன் முதல் உறையில் போன செவ்வாய்க்கிழமை ஆட்டத்தின் ஸ்கோர் தாள். பையன் எடுத்தது நான்கு புள்ளி.